தீபத்துக்குக் கத்திய தொண்டை

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாளும் தேரடி மைக்கில் கத்தியது நான்தான். தொலைந்த பிள்ளை, தவறிய பை, எல்லாவற்றுக்கும் என் குரல். அதனால் திருவிழா முடிந்து தொண்டை புண்ணானபோது ஊரே காரணம் சொல்லிவிட்டது. "மைக்ல கத்துனதுதாம்பா." ஆளாளுக்கு மிளகுப் பால் கொடுத்தார்கள். பெரிய தியாகி மாதிரி வாங்கிக் குடித்தேன்.

மார்கழி பாதியாகியும் ஆறவில்லை. தையில் கல்யாணம், பெண் கீழ்பென்னாத்தூர். ஐப்பசியில் மைக் செட் வாங்க வேலூர் போனபோது ஒருத்தியிடம் போய்வந்தது எனக்கு மட்டும் தெரியும். ஆனால் அந்த வியாதி வேட்டிக்குள்தானே வரும், கழுத்துக்கு மேல் எப்படி வரும்? இதுதான் என் மருத்துவ ஞானம். பி.யூ.சி. வேறு படித்திருந்தேன்.

எனக்கேற்ற வைத்தியர் பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் இருந்தார். மாதம் ஒருநாள் முகாம், சுவரெல்லாம் போஸ்டர். வாயைத் திறக்கக்கூடச் சொல்லாமல் நாடி பிடித்து, "சூடு ஜாஸ்தி" என்று லேகியம் கொடுத்தார். சௌகரியமான பொய் என்பதால் நம்பினேன்.

லேகியம் தீர்வதற்குள் உள்ளங்கையில் செம்புள்ளிகள் வந்தன. பயந்துபோய் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"வெளிய போனதுண்டா?"

"இல்லீங்க. மைக்ல கத்துனது."

"கத்துனா உள்ளங்கையில புள்ளி வராதுப்பா. தொண்டைய மட்டும் பாத்து யாராலயும் சொல்ல முடியாது, ரத்தம் பாக்கணும். கல்யாணம் ஆயிடுச்சா?"

"தையிலங்க."

"அப்ப நீ சொல்ற பொய் அந்தப் பொண்ணு ஒடம்புலதான் போய் எறங்கும்."

ஊருக்கே அறிவிப்புச் செய்தவனுக்கு "ஆமாங்க" என்று சொல்லக் குரல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ரத்தத்தில் அதுதான் இருந்தது, சிபிலிஸ் என்கிற மேகநோய். பென்சிலின் ஊசி போட்டு, மறுபடி ரத்தம் பார்த்துச் சொல்லும்வரை கல்யாணம் கூடாது என்றார். பெண் வீட்டாரிடம் எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி வைகாசிக்குத் தள்ளிப்போட்டோம். அவர்கள் பாவம், அதிமதுரம் வாங்கி அனுப்பினார்கள்.

ஊசி என்னைக் குணமாக்கியது. கோழைத்தனத்துக்கு ஊசி இல்லை. இன்றும் தீபம் வந்தால் என் மனைவி அதிமதுரத் துண்டை நீட்டுகிறாள். "அந்த வருஷம் மாதிரி கத்திட்டு வந்து நிக்காதீங்க." வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டுகிறேன்.