மெழுகில் இருந்த பாட்டு

எங்கள் வீட்டில் டிசம்பர் மாதம் ஒரு சண்டையோடுதான் பிறக்கும். சண்டை அப்பாவுக்கும் மாமாவுக்கும். விஷயம் கிறிஸ்துமஸ் பாட்டு.

அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து உத்தியோகத்துக்காகத் திருவனந்தபுரம் வந்து, பாளையத்துக்கு வடக்கே ஒரு ஓட்டு வீட்டில் குடியேறியவர். சர்க்கார் குமாஸ்தா. சிக்கனமான மனிதர். அவர் தமக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே ஆடம்பரம் ஒரு கிராமபோன். இங்கிலீஷ் கேரல் பாட்டுத் தட்டுகள் சிலவும் வைத்திருந்தார். டிசம்பர் பிறந்ததும் அவற்றை வெளியே எடுத்து, பழைய மல் துணியால் துடைத்து, குழந்தையைக் கிடத்துவதுபோல் ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைப்பார். எத்தனை வருடம் போனாலும் ஒரு பிசிறு தட்டாமல் அதே மாதிரி பாடுகிறார்களே என்பது அவருக்குத் தீராத ஆச்சரியம்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஆனால் அவருடைய உயிர் பஜனைக் கோஷ்டியில் இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் கஞ்சிராவும் ஜால்ராவுமாகக் கோஷ்டியை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பழைய தமிழ்ப் பாட்டுகளைப் பாடுவார். கிராமபோனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"போன வருஷம் பாடின மாதிரியே இந்த வருஷமும் பாடுகதுக்கு அவங்க மனுசங்களா அத்தான்? ஆளுக்கு ஒரு வயசு ஏறியிருக்காண்டாமா? அது செத்த பாட்டாக்கும்" என்பார்.

"உனக்க ஆளுக பாடுகதுல எது பாட்டு, எது இருமல்னு முதல்ல பிரிச்சுச் சொல்லு. பெறவு பேசலாம்" என்பார் அப்பா.

அத்தை இதில் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவள் அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தாள். கிராமபோன் பாடத் தொடங்கினால் கொல்லைக்குப் போய்விடுவாள். பஜனைக் கோஷ்டி முற்றத்தில் வந்து நின்றால் நாங்கள் எல்லோரும் வெளியே ஓடுவோம். அவள் மட்டும் அடுக்களையில் முந்திரிக்கொத்துப் பொரித்துக்கொண்டிருப்பாள். கோயிலில் ஆராதனையின்போதுகூட அவள் வாய் திறந்து பாடி நான் பார்த்ததில்லை. சிலருக்குப் பாகற்காய் பிடிக்காததுபோல அத்தைக்குப் பாட்டுப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. எனக்கு ஒன்பது வயது. மாமாவுக்கு அந்த வருடம் பழைய பாட்டுகளைத் தேடும் கிறுக்கு முற்றிப்போய், அப்பாவின் சொந்த ஊருக்கே கிளம்பிப் போனார். ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பஜனைக்குப் பெரிய பெயர் இருந்ததாம். திரும்பி வந்தவர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, துவர்த்துத் துண்டில் கட்டிய ஒரு மூட்டையை எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கினார்.

அவிழ்த்தால் உள்ளே ஒரு மரப்பெட்டி. மேலே பொருத்த ஒரு தகரக் குழல். தட்டு வைக்கும் இடம் இல்லை. அதற்குப் பதிலாகப் படுக்கை வாட்டத்தில் ஒரு தண்டு இருந்தது. அதில் மாட்டுவதற்கு, பழுப்பு மெழுகில் செய்த உள்ளே பொள்ளலான ஓர் உருளை. ஊரில் முன்பு இருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் கொண்டுவந்த யந்திரமாம். அவர் சீமைக்குப் போனபோது சமையல்காரரிடம் விட்டுப் போயிருக்கிறார். உருளைகள் நிறைய இருந்தும் பூஞ்சை தின்று எல்லாம் போய், இந்த ஒன்றுதான் மிச்சம்.

"இது பாடுக பெட்டி மட்டுமில்ல. முன்னால நின்னு பாடினா பிடிச்சு வச்சுக்கிடும்" என்றார் மாமா. "ஆனா ஒரு சங்கதி உண்டு. ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் ஊசி கொஞ்சம் மெழுகைச் சுரண்டும். நெறைய வச்சா பாட்டு தேஞ்சு போவும்."

அவர் சாவி கொடுத்தார். முதலில் எண்ணெய்ச் சட்டி காய்வதுபோல ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து கஞ்சிராச் சத்தம். பலபேர் சேர்ந்து பாடுவது எங்கோ கிணற்றுக்குள் கேட்பதுபோல் கேட்டது. பிறகு அவர்கள் அடங்கி, ஒரு சிறுமியின் குரல் தனியாக எழுந்தது. மெலிந்த, நேரான குரல்.

பாலனுக்குப் பாயில்லை, பாயொண்ணு தாருங்கோ.
பனியிலே கிடக்குதாரு, போர்வையொண்ணு தாருங்கோ.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அப்பாகூடப் பரிகாசம் செய்யாமல் கேட்டார். பாட்டு முடிந்தது. இரைச்சல் மட்டும் ஓடிற்று. நின்றுவிடும் என்று நாங்கள் நினைத்தபோது, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத தகரக் குரல் ஒன்று கேட்டது.

"நேசம், கிட்ட வா பிள்ளே. ஒண்ணும் செய்யாது."

வீட்டில் என்னை அழைக்கும் பெயர் நேசம்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால் நான் குழலை நோக்கி நகர்ந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்த வேகத்தில் தோளில் தையல் விட்டுப்போயிற்று. திரும்பிப் பார்த்தால் அடுக்களை நடையில் அத்தை. கை முழுக்க மாவு.

"அதை நிறுத்து" என்றாள். அது ஏற்கெனவே நின்றிருந்தது.

அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அது..."

"அவதான்" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள்.

அன்று மதியம் அம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னாள். அப்பாவுக்கு இன்னொரு அக்காவும் இருந்தாள். அவளும் நேசம்தான்; அத்தை பிடிவாதமாகக் கேட்டுத்தான் எனக்கு அந்தப் பெயரை வைத்தார்களாம். ஊர்ப் பஜனையில் முன்பாட்டுப் பாடியவள். பாதிரியார் யந்திரத்தைக் கொண்டுவந்து வைத்து அவளைப் பாடச் சொன்னார். பாடினாள். அதே வாரம் காய்ச்சல் கண்டு, கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டாள். யந்திரம் குரலோடு சேர்த்துப் பிள்ளையின் உயிரையும் உறிஞ்சிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா அப்போது தொட்டிலில் கிடந்த குழந்தை. நினைவு தெரிந்து அக்காவின் குரலை அன்று காலையில்தான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறார்.

"யாராவது பேரு சொல்லிக் கூப்பிட்டா, ஆளு முகத்தைப் பாக்காம என்னன்னு கேக்காதே, கேட்டியா" என்று அம்மா முடித்தாள். அது என்னைத் தைரியப்படுத்துவதற்காகச் சொன்னது.

அதற்குப் பிறகு சண்டை தலைகீழாயிற்று. செத்த பாட்டு என்று கிராமபோனை ஏசிய மாமா, உருளையில் உள்ளதுதான் அசல் என்று பேச ஆரம்பித்தார். கோஷ்டியில் யாராவது சற்று இழுத்துப் பாடினால், "பெட்டியில அப்படி இல்ல" என்று அதட்டினாராம். இன்னும் சில தடவை கேட்டால் பாட்டை முழுக்கப் பிடித்துவிடலாம் என்று அப்பாவிடம் கெஞ்சினார். கிராமபோனுக்குச் சாவி கொடுத்துச் சலிக்காத அப்பாவோ, இதைத் தொடக்கூடாது என்றுவிட்டார்.

"உனக்கு அது பாட்டு. எனக்கு அது பாட்டு இல்ல" என்றார். "இருக்கது அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் அன்னைக்கு எல்லாருமா ஒரு தடவை கேப்போம். பெறவு எடுத்து வச்சுருவோம்."

பெட்டி அப்பாவின் அறையில், மேஜைமேல், துணி போர்த்தி இருந்தது. நான் அந்த அறைப் பக்கம் போவதை விட்டேன். ஆனால் அந்தக் குரல் அறைக்குள் அடங்கி இருக்கவில்லை. கிணற்றில் வாளி இறங்கும்போது கேட்டது. பள்ளிக்கூடத்துப் பலாமரத்துக்குப் பின்னாலிருந்து கேட்டது. என்னோடு படித்த மலையாளத்துப் பிள்ளைகள் என்னைப் பள்ளிப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அங்கே நேசம் என்று அழைக்க யாருமில்லை. ஒருநாள் வகுப்பில் திடீரென்று "என்ன?" என்று எழுந்து நின்றேன். "ஆரும் விளிச்சில்லல்லோ மோளே" என்றார் டீச்சர். யாரும் கூப்பிடவே இல்லையாம். கிளாஸ் சிரித்தது.

பரீட்சை முடிந்து ஒருநாள் மத்தியானமே விட்டுவிட்டார்கள். அப்பா ஆபீசில். அம்மா சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டப் போனவள், பாட்டுச் சத்தம் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் அறை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

அத்தை குழலின் வாயில் கன்னத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே அந்தப் பெண் பாய் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பைவிடத் தூரத்திலிருந்து, சளி பிடித்த குரலில் கேட்டாள். அத்தையின் உதடுகள் கூடவே அசைந்தன, சத்தம் வரவில்லை. போர்வை கேட்டு முடிந்த நொடியில் அத்தை சட்டென்று ஊசியைத் தூக்கினாள். முதலுக்குக் கொண்டுபோய் வைத்தாள். மறுபடி பாட்டு. மறுபடி அதே இடத்தில் ஊசியைத் தூக்கினாள். மேஜைமேலும் அவள் வெள்ளைச் சேலையிலும் பழுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. எத்தனை முறை அப்படிச் செய்தாளோ, நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

பிறகு அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திடுக்கிடவுமில்லை. நெடுநேரமாக நான் அங்கே நிற்பது தெரிந்ததுபோல் கையை நீட்டினாள்.

"நேசம், கிட்ட வா பிள்ளே" என்றாள். "ஒண்ணும் செய்யாது."

அதே சொற்கள். அதே இழுப்பு. 'பிள்ளே' என்பதில் அதே சிறு வளைவு. நான் ஓடினேன். கோயில் காம்பவுண்டு வரை ஓடி, அம்மா கடைப் பையோடு வரும்வரை வாசல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். குழலுக்குள் இருந்தது வெளியே வந்து அத்தையின் நாக்கில் ஏறிக்கொண்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அது என் நாக்குக்கு மாறிவிடும் என்று பயம். அத்தை பரிமாறிய சோற்றைத் தலை நிமிராமல் தின்றேன். அவளும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சடை பின்ன வந்தபோது, நான் உடம்பை இறுக்கிக்கொண்டதை உணர்ந்து சீப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று சாப்பாடு முடிந்ததும் அப்பா பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். மாமா பென்சிலும் காகிதமுமாகத் தயாராக இருந்தார். யாரும் எதிர்பாராத விதமாக அத்தையும் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இரைச்சல் வந்தது. கஞ்சிரா வரவில்லை. மாமா ஊசியைக் குனிந்து பார்த்தார், குழலைத் தட்டினார். இரைச்சல்தான் ஓடிற்று. அந்தப் பெண் பாட வேண்டிய இடத்தில், ஈரமணலில் யாரோ காலை இழுத்து நடப்பதுபோல ஏதோ ஒன்று போயிற்று. ஒரு சொல்கூடத் தேறவில்லை. அப்பா நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

அப்புறம், அடுத்த அறையில் ஆள் நின்று கூப்பிடுவதுபோல் அத்தனை தெளிவாக வந்தது.

"நேசம், கிட்ட வா பிள்ளே. ஒண்ணும் செய்யாது."

நான் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தேன். உருளை சுற்றி நின்றது.

"பூஞ்சை பிடிச்சிருக்கும்" என்றார் மாமா. அழுதுவிடுவார் போலிருந்தது. "பாட்டை மட்டும் தின்னிருக்கு பாருங்க, அத்தான்."

அப்பா அத்தையைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார் என்றும் எனக்குத் தோன்றிற்று. கோபிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். "போதும் அக்கா" என்றார், மிகவும் மெதுவாக. அத்தை எழுந்து அடுக்களைக்குப் போனாள். அந்தப் பெட்டியை அப்பா பிறகு என்ன செய்தார் என்று தெரியாது. மாமா தமக்கு நினைவிருந்த மட்டும் பாட்டைக் கோஷ்டிக்குச் சொல்லிக்கொடுத்தார். அது ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் மாறிக்கொண்டே வந்தது.

நான் கல்லூரியில் படிக்கும்போது அத்தை இறந்துபோனாள். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில்தான், அந்தப் பெட்டியிலிருந்து கூப்பிட்டது யார் என்று அப்பாவிடம் கேட்டேன். அதுவரை கேட்கத் துணிவு வரவில்லை. அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா? உனக்க அத்தைதான். அப்போ அவளுக்குப் பதிமூணு வயசு. பாடி முடிச்ச பெறவு, குழலுக்குக் கிட்ட வந்து பேரு சொல்லணும்னு அந்தப் பாதிரித் துரை கேட்டாராம். தங்கச்சி பயந்து பின்னால போயிட்டா. இவதான் கூப்பிட்டு, கையைப் பிடிச்சு இழுத்துக் கொண்டுபோய் நிறுத்தினா."

செத்துப்போன யாரோ என்னைக் கூப்பிடுவதாக இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். கூப்பிட்டவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு அதே வீட்டில் இருந்திருக்கிறாள். அன்று ஜன்னலில் நின்று, அவள் ஒவ்வொரு முறையும் ஊசியை எந்த இடத்தில் தூக்கினாள் என்பதைக் கண்ணாரப் பார்த்தேன். அடுத்து வரவிருந்தது அவளுடைய குரல் என்பதுதான் எனக்குத் தெரியாது.