மெஷினுக்குள் கஞ்சி

சுதந்திரம் வந்ததும் சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வீட்டிலிருந்து, அம்மாவின் மணிக்கட்டு வலிக்காக அப்பா பழைய துணி துவைக்கும் மெஷின் ஒன்றை வாங்கி, காஜா பெராங் என்ற ஊரிலிருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் அப்பா தவறிப்போனார். சில மாதங்களில் மெஷினும் நின்றது. உறுமியதே தவிர சுற்றவில்லை.

பாதியில் பள்ளியை விட்டவன் நான். கரண்ட் என்றாலே நடுக்கம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அகப்பைக் காம்பால் தொட்டுப் பார்த்தேன்.

"பாம்பாடா அது?" என்று சிரித்தார் அம்மா. அப்பா போனபின் அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

துணியைச் சுழற்றும் நடுத்தண்டைக் கழற்றினால் அடியில் வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடந்தது. முகர்ந்தேன். புளித்த சோற்றுக் கஞ்சி. எங்கள் வீட்டில் கஞ்சி போட்ட சட்டை உடுத்தியது அப்பா மட்டும்தான், ஆபீசுக்கு.

"யாரு சட்டைக்கும்மா கஞ்சி?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மடிச்சு வச்சா தொய்ஞ்சு போவுதுடா. காலர் நிக்கலேன்னா அவருக்குப் பிடிக்காதே."

கத்தியால் சுரண்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். மெஷின் சுற்றியது.

"இனிமே கஞ்சிய வாளியில போடும்மா" என்றேன். போடவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.