மேற்கே இருந்த கடல்

மஸ்ஜித் தானா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெத்தம்மாளுக்குப் பால்வெட்டு வேலை. கப்பலேறி வந்த மூணாம் வருசமே புருசன் பெரியதம்பியைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகுட்டி இல்லை. அஸ்தியைச் சின்னச் சட்டியில் போட்டு மஞ்சள் துணி கட்டி வைத்திருந்தாள். அவள் பிறந்த வேதாரண்யத்தில் ஆடி அமாவாசையன்று சூரியன் கடலைவிட்டு எழும்பும்போதுதான் கரைப்பார்கள். அப்போதுதான் போன உசுருக்கு வழி தெரியுமாம். கங்காணி ஒரே ஒரு நாள் லீவு கொடுத்தார்.

முதல் நாள் மத்தியானமே வண்டிக்காரர் கந்தசாமியின் மாட்டுவண்டியில் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் புறப்பட்டாள்.

"கிளிங்னு இங்க நம்மளத்தான் சொல்றது. அந்தக் கரைக்கு நம்ம ஆளுங்க பேரைத்தான் வச்சிருக்கான் தங்கச்சி. வெள்ளைக்காரன் கோட்டை கட்டுறதுக்கு முந்தியே நம்மவங்க கப்பல்ல வந்து இறங்குன எடம்."

"வந்தவங்க ஊருக்குத் திரும்புனாங்களா அண்ணே?"

"போனவன் போனான், இருந்தவன் இருந்தான்."

விடியும்போது கடல் கரை முட்டக் கிடந்தது. பெத்தம்மாள் சட்டியை ஏந்திக் கடலைப் பார்த்து நின்றாள். வானமெல்லாம் மூட்டம். நன்றாக வெளுத்தும் சூரியனைக் காணோம்.

"இங்க அது தென்னந்தோப்புக்குப் பின்னால வரும். கரைச்சிட்டு வா தங்கச்சி."

"சும்மா இரு அண்ணே. கடல்ல வராம எங்க வரும்?"

தண்ணீர் பின்வாங்கிக்கொண்டே போனது. மூட்டம் கலைந்தபோது வெயில் அவள் முதுகில் சுள்ளென்று அடித்தது. திரும்பிப் பார்த்தாள். தோப்புக்கு மேலே ஒரு பனை உயரம் ஏறியிருந்தது. கடல் பக்கம் பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் சேறு, நண்டு வளை, கொக்கு.

சேற்றில் இறங்கினாள். முழங்கால் புதைந்ததும் கந்தசாமிதான் கையைப் பிடித்து இழுத்தார்.

"சொன்னாக் கேட்டியா? ஏறு வண்டியில. நாளைக்குக் காலையில தோட்டத்துப் பிரட்டுல பேர் கூப்பிடும்போது நிக்கணும்."

"நான் வரல. தண்ணி திரும்பி வரும்ல?"

"சாயங்காலம் வரும். பொழுது சாயும்போது எந்த ஊர்ல கரைக்கிறாங்க?"

"சூரியன் கடலுக்குள்ள எறங்குற ஊர்ல."

கந்தசாமி முணுமுணுத்துக்கொண்டே மாட்டை அவிழ்த்துக் கட்டினார். பகல் முழுக்க வாதுமை மரத்தடியில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள் அவள்.

சாயங்காலம் அலை வந்து காலை நனைத்தது. சூரியன் சிவந்து கடலைத் தொட்டபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று சட்டியின் மஞ்சள் துணியை அவிழ்த்தாள்.

"அந்தா, அது கூடவே போ," என்றாள். "வழி தெரியும்."