பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் போன கப்பல்

கல்யாணமாகி ஏழு மாதத்தில் என் கணவர் வீட்டில் இருந்தது முப்பத்தொன்பது நாள். சரக்குக் கப்பலில் இஞ்சின் பிரிவில் வேலை. 2007 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்திலிருந்து போன் செய்தவர், "ஞாயித்துக்கிழமை மூணு மணி வாக்குல பழவேற்காட்டுக்கு நேரா போவோம். பன்னெண்டு மைல் தள்ளி" என்றார். தூத்துக்குடி போகிற வழி. கரையிலிருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அவரிடம் சொல்லவில்லை, வெயிலில் அலையாதே என்பார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அங்கிருந்து பொன்னேரிக்கு மின்சார ரயில்: 16 கி.மீ., ஐந்து ரூபாய், 22 நிமிடம். ஞாயிறு என்பதால் பெட்டியில் நானும் ஒரு கீரைக்காரம்மாவும்தான். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து: 18 கி.மீ., ஏழு ரூபாய், முக்கால் மணி நேரம்.

ஏரியைக் கடக்கப் படகு, ஐந்து ரூபாய். படகோட்டி ஏழுமலை, கடலுக்கும் போகிற மீனவர். விஷயத்தைச் சொன்னேன்.

"பன்னெண்டு மைலா? இன்னா மைலுமா?"

"மைல்தாண்ணா. பத்தொம்போது கிலோமீட்டர் வருது."

"அது ரோட்டு மைலு. கப்பல்காரங்க சொல்றது கடல் மைலு. எங்க ஜிபிஎஸ்லயும் அத்தான் காட்டும். இருபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும்மா. மணல்ல நின்னுகினு பாத்தா கப்பல் தலைதான் தெரியும். லைட் அவுஸ் மேல ஏறு. மூணு மணிக்குத் தொறப்பாங்க."

மூன்று கிலோமீட்டர் கூடிவிட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியே இருந்து பழகியவளுக்கு, இந்த மூன்று ஏன் உறைத்தது என்று தெரியவில்லை.

கலங்கரை விளக்கத்துக்குச் சீட்டு பத்து ரூபாய். 3.20க்கு வடக்கே ஒரு கறுப்புக் கோடு. இரவல் பைனாகுலரில் நான்கு மஞ்சள் கிரேன்கள் தெரிந்தன. அவர் சொல்லியிருந்த அடையாளம். கையை ஆட்டினேன். பிறகு துப்பட்டாவை. பக்கத்தில் நின்ற குடும்பம் சற்று நகர்ந்துகொண்டது. நாற்பது நிமிடம். தெற்கே மங்கிப்போனது.

நாலாம் நாள் தூத்துக்குடியிலிருந்து பேசினார். போனதைச் சொன்னேன்.

"பன்னெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் எனக்கு இஞ்சின் ரூம் டூட்டி. முடிஞ்சதும் மேல வந்து கரைப் பக்கம் பாத்தேன். தண்ணிதான் இருந்துச்சு."

போகிறவர்களுக்கு: கப்பலோ விமானமோ, அவர்கள் மைல் என்றால் 1.852 கிலோமீட்டர். திங்கட்கிழமை கலங்கரை விளக்கம் மூடியிருக்கும். ஆறு மணிக்குமுன் படகுத்துறைக்குத் திரும்பிவிடுங்கள். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். கப்பல் தெரிந்ததும் "அதோ" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.