தாடிக்காரனுக்குத் தனிக் காசு

ஞாயிறு காலை பத்து மணி இருபது நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பூட்டு. கடை திறந்துதான் இருந்தது. பூட்டு டிவிக்குள் இருந்தது.

இடம் இருங்காட்டுக்கோட்டை. குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பைக்கின் பின் டயரில் ஆணி. எனக்கு முன்னால் மூன்று வண்டி இருக்கிறது என்றார் பங்க்சர்காரர். பக்கத்துக் கடையில் நாற்காலி தெரிந்தது. போய் உட்கார்ந்தேன்.

கடைக்காரர் பெயர் ஸ்டெல்லா. நாற்பது வயது இருக்கும். முன்பக்கம் ஜெராக்ஸ், ரீசார்ஜ். பின்பக்கம் பலகை வைத்துத் தடுத்து, இரண்டு டிவி, இரண்டு வீடியோ கேம் பெட்டி, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி. மாடி முழுக்க வாடகை அறைகள். அங்கே தங்கியிருக்கும் தொழிற்சாலை இளைஞர்கள்தான் வாடிக்கையாளர்கள். கடை வாடகையைக் கட்டுவது ஜெராக்ஸ் அல்ல... அந்தப் பின்பக்கம்தான்.

அன்றைக்குச் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்து கடையைத் திறந்தபோதே வாசலில் எட்டுப் பேர் நின்றிருக்கிறார்கள். இரண்டு அறைகளுக்கு இடையே சண்டைப் போட்டி. டிவியில்தான். அதற்காகவே ஸ்டெல்லா இரண்டு வாரத்துக்கு முன்பே புது டிஸ்க் வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்தார். சென்னையில் பெரிய கடையில், பில் போட்டு, ஒரிஜினல். வாசல் போர்டிலும் எழுதிவிட்டார் — ‘புது கேம், 32 வீரர்கள், மணிக்கு ரூ.30’. போன வாரம் வரை இருபது ரூபாய்.

இந்த அறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு பேர் தங்கும் இடத்தில் எதையும் பேசித் தீர்க்க முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் சீட்டு. எந்த ஆணியில் யார் சட்டை, எந்த அலமாரித் தட்டு யாருக்கு, காலை ஷிஃப்டுக்கு யார் முதலில் குளிப்பது... எல்லாம் சீட்டுக் குலுக்கித்தான். டிஸ்க் அட்டைப் படத்தைப் பார்த்து வீரர்களுக்கும் சீட்டுக் குலுக்கிவிட்டார்கள். வீரர்களின் ஆங்கிலப் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. மொட்டை, கம்பிக்காரன், பச்சைச் சட்டை என்று இவர்களே பெயர் வைத்தார்கள்.

செல்வத்துக்கு விழுந்தது தாடிக்காரன். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வாரமாக அறையில் அவனுக்கே ‘தாடி’ என்றுதான் பெயர். அவனுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது டிவியில் தாடிக்காரன் முகத்தின் மேல்தான் அந்தப் பூட்டு. அமுக்கினால் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: இவர் வேண்டுமானால் தனியாகப் பணம் கட்டுங்கள், நெட் வழியாக, கார்டு மூலமாக.

“என்னக்கா இது, காசு கேக்கு?” என்றான் செல்வம்.

“யாரு கேக்குறது?”

“டிவிதான் கேக்கு. ஒரிஜினல்னு சொல்லித்தானக்கா முப்பது ரூவா ஆக்குனிய? ஒரிஜினலா இருந்தா இவன் எதுக்குப் பூட்டிக் கெடக்கான்? டூப்ளிகேட்டைப் போட்டு எங்க தலையில கட்டிட்டியளே!”

ஸ்டெல்லாவின் முகம் மாறிவிட்டது. “இன்னா பேச்சு பேசுற செல்வம்? மூணு வருஷமா இங்க குந்திகினு ஆடுற. ஒரு நாள் ஒரு ரூவா ஏமாத்திக்கீறனா உன்ன? பில்லு கீது பாரு.”

“பில்லு எவன் வேணும்னாலும் அடிப்பான். நீங்களே ஜெராக்ஸ் கடைதான வச்சிருக்கிய?”

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒருவன் மட்டும், மண்ணூரில் இதே மாதிரி கடை ஒன்று வந்திருப்பதாகத் தரையைப் பார்த்துச் சொன்னான். ஸ்டெல்லா பில்லை மடித்துக்கொண்டே நின்றார். எட்டுப் பேர் அல்ல... மாடி முழுவதும் மதியச் சாப்பாட்டுக்குள் ‘அக்கா ஏமாத்திட்டாங்க’ என்று பரவிவிடும். அது அவருக்கும் தெரியும்.

டிஸ்க் உறையை வாங்கிப் பார்த்தேன். செய்தித்தாளில் பிழை திருத்திப் பழகிய கண் — பெரிய எழுத்தை விட்டுவிட்டு முதலில் பொடி எழுத்துக்குத்தான் போகும். முன்பக்கம் முப்பத்திரண்டு முகங்கள். பின்பக்கம், அடியில், பார்கோடுக்குக் கீழே ஒரு வரி: சில அம்சங்கள் தனி விலைக்கு. படித்துச் சொன்னேன்.

“அத்த முன்னாடி பெரிசா போட்டா இன்னா சார்?” என்றார் ஸ்டெல்லா.

செல்வம் மசியவில்லை. “அப்படின்னா உள்ள இல்லாதவனைப் படத்துல போட்டிருக்கான்” என்றான்.

இந்த வாக்குவாதத்தில் விளையாடும் ரிமோட்டுகளைக் கீழே வைத்துவிட்டார்கள். சும்மா விட்டால் இந்த விளையாட்டுக்குப் பொறுக்காது. கொஞ்ச நேரத்தில் தானாகவே இரண்டு வீரர்களை இறக்கி விளம்பரச் சண்டை காட்ட ஆரம்பிக்கும். காட்டியது. ஒருவன் மொட்டை. இன்னொருவன்...

“ஏலே! தாடி!”

எட்டுப் பேரும் திரும்பினார்கள். தாடிக்காரன் மொட்டையைத் தூக்கிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான். இந்தப் பெட்டிக்கு நெட் இணைப்பே கிடையாது. அவன் எங்கிருந்தும் வரவில்லை. டிஸ்கிலேயே இருக்கிறான்!

“உள்ளதான் கெடக்கான்!” செல்வத்தின் குரல் இறங்கிவிட்டது. “நம்ம அமுக்குனா மட்டும் வர மாட்டேங்கான்.”

எட்டுப் பேரில் ஒருவரான பாபு அப்போதுதான் வாயைத் திறந்தார். மண்ணூர்க்காரர், கார் தொழிற்சாலையில் வண்டியின் உள்பாகங்களைப் பொருத்தும் லைனில் இருப்பவர். “இதுக்கா இவ்ளோ சத்தம்? நான் டெய்லி செய்ற வேலை பா இது. லோ மாடல் வண்டிக்கும் ஒயரிங் ஃபுல்லா உள்ள போய்டும். ஃபாக் லேம்ப் ஸ்விட்ச் இருக்க வேண்டிய எட்த்துல மட்டும் டம்மி பட்டன் வெச்சு அமுக்கிடுவேன். ஷிஃப்டுக்கு எத்தினி டம்மி வெக்கிறேன்னு எனக்கே தெரியாது. தாடியும் டம்மி பட்டன்தான்.”

“அப்போ நீயும் திருடன்தானா?” என்று கேட்டது ஒரு குரல்.

பாபு கோபப்படவில்லை. “நம்மகிட்ட டிக் போட்ட லிஸ்ட் கீது மச்சி. எந்த மாடல்ல இன்னா வரும், இன்னா வராதுன்னு வாங்குறவன் பாத்துட்டுதான் வாங்குறான். கம்மியா வேணும்னா கம்மியா காசு.”

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு வீடியோ கேமை உருவாக்கப் பல நூறு பேர் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள். விற்ற பிறகும் உட்கார்ந்து புது ஊர், புது வீரன், புது ஆயுதம் செய்து தந்தால் அதற்குக் காசு கேட்பதில் தவறு இல்லை. கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம், ஓ.டி. பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் நாளே செய்து முடித்து, டிஸ்கில் ஏற்றி, அட்டையிலும் படம் போட்டு, பிறகு பூட்டினால்? சட்னியை இலையிலேயே வைத்து மூடி போட்டுவிட்டு, மூடியைத் திறக்கத் தனிக் கட்டணம் என்றால் எந்த ஓட்டலில் சும்மா இருப்போம்? விற்பவர்கள் இதற்கு ஏதாவது நல்ல பெயர் வைத்திருப்பார்கள்.

என்னிடம் கிரெடிட் கார்டும் போனில் நெட்டும் இருந்தன. கல்யாண மொய்யை விடக் குறைவான தொகைதான். “நான் கட்டிவிடட்டுமா?” என்றேன்.

“வாணாம் சார்,” என்றார் ஸ்டெல்லா. “இன்னிக்கி நீங்க தாடிய தொறந்துடுவீங்க. அட்த்த மாசம் வேற யாராச்சும் ஒருத்தன் வருவான், அவனுக்கு வேற சாவி. நான் கடை நடத்துறதா, சாவி வாங்கினே இருக்கறதா?”

பிறகு மார்க்கரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். போர்டில் 32-ஐ அடித்து 31 என்று எழுதினார். ரூ.30-ஐ அடித்து ரூ.20 என்று எழுதினார்.

பாபு பின்னாலேயே ஓடினார். “யக்கா, உம்மேல தப்பே இல்லியே! பூட்னது கம்பெனிக்காரன்.”

“அவன் பூட்னான். முப்பத்திரண்டு பேருன்னு போர்டுல எழுதுனது யாரு? அவனா வந்து எழுதுனான்?”

டிஸ்க் வாங்கிய காசு இனி எத்தனை ஞாயிற்றுக்கிழமையில் திரும்பும் என்று கேட்க நினைத்தேன்.

மறுபடி சீட்டுக் குலுக்கலாம் என்றார்கள். செல்வம், வேண்டாம், மிச்சம் இருக்கிற எவனாவது போதும் என்று சொல்லிவிட்டான். அவன் கைக்கு வந்தது ஒல்லியான ஒருவன். மொட்டையுடன் முதல் சுற்று. மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தான்.

“தாடி போய்ட்டா செல்வமும் அவுட்டு!” என்றார்கள்.

“சிரிங்கலே, சிரிங்க. ஒங்களுக்கும் ஒருநாள் பூட்டு விழும்.”

பங்க்சர் போட்டாயிற்று என்று குரல் வந்தும் நான் எழுந்திருக்கவில்லை. அடுத்தடுத்த ஆட்டங்களையும் உட்கார்ந்தே பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு மின்வெட்டு. ஓர் ஆட்டத்தைப் பாக்கி வைத்து எல்லோரும் கலைந்தார்கள்.

செல்வம் கடைசியாக வந்தான். ஒரு மணி நேரக் கணக்குக்கு முப்பது ரூபாயை மேஜையில் வைத்தான்.

ஸ்டெல்லா பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான்.