சொந்தம் என்ற சொல்லுக்குக் கிடைத்த பதில்

2007 ஜூலையில் என் மகள் எஸ்தருக்குச் சிவப்பு நிறம் மங்கிப் போனது. அவள் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை உதறிப் பார்த்தாள்.

"இந்த மை ஏம்ப்பா பழுப்பா இருக்குது?"

மை நல்ல சிவப்பு. வலது கண்ணை மூடிப் பார்த்தால் அவளுக்கும் சிவப்புதான். இடது கண்ணை மூடினால் செங்கல் தூள். கண்ணாடிக் கடைக்குப் போனோம். அவர்கள் கண்ணாடி விற்றார்கள்.

சில வாரங்களில் கண் தெளிந்தது. ஸ்தோத்திரம் சொன்னோம். அடுத்த வருடம் கால்கள் மரத்தன. சிதம்பரத்தில் ஒரு நரம்பு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே நரம்பின் மேலுறையை அரித்துத் தின்னும் நோய். காவலுக்கு வைத்தவனே வீட்டில் கைவைக்கும் வழக்கு. அரசாங்கத்தில் வேலை பார்த்தவனுக்கு இது புரியாத நோய் அல்ல.

நான் கலெக்டர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எங்கே தூங்கும், யார் தட்டினால் எழும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். ஜெபத்தை எங்கள் சபையில் விண்ணப்பம் என்றும் சொல்வார்கள். என் விண்ணப்பங்களில் பொருள் இருக்கும், பார்வை இருக்கும், முடிவில் பணிவான வேண்டுகோள் இருக்கும். பொருள், எஸ்தரின் கால்கள். பார்வை, எஸ்தரின் கண்கள். எந்த அதிகாரியும் குறை சொல்ல முடியாத வரைவு.

பதில் வரவில்லை. ஊசி மருந்துகள் போட்டும் நோய் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் எதையோ எடுத்துக்கொண்டு போனது. 2010இல் அவளால் பள்ளியில் மாடிப்படி ஏற முடியவில்லை. தலைமையாசிரியை வகுப்பைக் கீழே மாற்றிக் கொடுத்தார். பிறகு கைத்தடி வந்தது. பிறகு மருத்துவ விடுப்பு.

"நின்னு போர்டுல எழுத முடியாத டீச்சர் எதுக்குப்பா?" என்று ஒருநாள் கேட்டாள். அழுதுகொண்டு கேட்கவில்லை. கணக்கில் மீதி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டாள். அன்றிலிருந்து நான் வேண்டுவதை நிறுத்திக்கொண்டேன். கோயிலுக்குப் போனேன், உட்கார்ந்தேன், எழுந்து வந்தேன்.

2011 தொடக்கத்தில் அதே மருத்துவர் சென்னையில் செய்யும் ஒரு சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, முதலில் எடுத்து உறைய வைத்துவிடுவார்கள். பிறகு கடுமையான மருந்தால் கெட்டுப்போன காவல் படையைக் கலைப்பார்கள். அதன்பின் எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றுவார்கள். புதிய படை அதிலிருந்து வளர வேண்டும்.

"போனதத் திருப்பித் தர்றேன்னு சொல்லல சார். இனிமே போகாம இருக்க ஒரு வழி. அதுலயும் ஆபத்து இருக்குது. எதிர்ப்பு சக்தியே இல்லாத நாட்கள் சில இருக்கும்," என்றார் மருத்துவர்.

"யாரோட அணு டாக்டர்?"

"அவுங்களோட சொந்த அணுதான்."

எஸ்தர் சரி என்றாள். நான் சபைக்கு ஓர் அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன். "சகோதரி எஸ்தருக்குச் சொந்தக் குருத்தணுக்களைக் கொண்டு நடைபெறவுள்ள சிகிச்சைக்காக ஜெபிக்கவும்." ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்று நல்ல தமிழ் போட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. போதகர் பிழையில்லாமல் வாசித்தார். பிழை கேட்டவர்களின் காதில் நடந்தது. ஞாயிறு ஆராதனை முடிவதற்குள், எஸ்தருக்குச் சொந்தக்காரர் ஒருவரின் உடம்பிலிருந்து குருத்து எடுத்து வைக்கப் போகிறார்கள் என்ற செய்தி தொலைபேசியில் ஏறிச் சிதம்பரம் போய்விட்டது.

சிதம்பரத்தில் என் மனைவியின் தம்பி இன்பராஜ் இருக்கிறார். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. மருந்தே தொடக் கூடாது என்று போதிக்கும் ஒரு சிறு கூட்டத்தில் சேர்ந்தவர். காய்ச்சல் மாத்திரைகூட விழுங்காதவர். 2004இல் என் மனைவி மருத்துவமனையில் கிடந்தபோது, வாசலில் நின்று, "அக்காவ ஊசிக்கு ஒப்புக்குடுத்துட்டீங்களே மாமா," என்றார். "கடைக்கு எரிஞ்ச மோட்டார் வந்தா ஜெபம் பண்ணியா அனுப்புற?" என்றேன். மனைவி இறந்துபோனாள். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

நாங்கள் சென்னைக்குப் புறப்பட்ட காலையில் அவர் ஒரு பையோடு வந்து நின்றார்.

"வந்துட்டேன் மாமா. எங்க குத்தணுமோ குத்தச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொந்தத்துலேர்ந்து எடுக்கறாங்களாமே. தாய்மாமன் நான் இருக்கறப்ப வேற எந்தச் சொந்தத்தத் தேடுவீங்க?"

நாற்காலியில் இருந்த எஸ்தர் சிரித்துவிட்டாள். "சொந்தம்னா என்னோடது மாமா. எங்கிட்டேர்ந்து எடுத்து எனக்கே குடுக்கறாங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் வேணாமா?"

"வந்தது வந்துட்ட மச்சான், சாப்புடு," என்றேன். ஏழு வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தைகள் இவை.

"சாப்புட மாட்டேன். ரத்தம் எடுப்பாங்கன்னு வெறும் வயித்தோட வந்திருக்கேன்."

"அது சுகர் டெஸ்ட்டுக்கு மாமா," என்றாள் எஸ்தர்.

கடைசியில் இட்லி சாப்பிட்டார். திரும்பிப் போகவில்லை. பெட்டி தூக்க ஆள் வேண்டாமா என்று வண்டியில் ஏறிக்கொண்டார்.

சென்னையில் எல்லாம் சொன்ன முறைப்படி நடந்தது. ஊசி போட்டு மூல அணுக்களை ரத்தத்துக்கு வரவழைத்தார்கள். இயந்திரம் பிரித்தெடுத்தது, உறைய வைத்தார்கள். பிறகு கடுமையான மருந்து. அவள் முடி முழுதும் கொட்டியது. உறைந்த பைகளை உருக்கி அவள் ரத்தக் குழாயில் ஏற்றியபோது அறை முழுக்க வெந்த பூண்டு வாசனை. அந்த அணுக்களைக் காக்கச் சேர்த்த ரசாயனத்தின் வாசனையாம். மறுபிறப்புக்கு இப்படியொரு மணம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு மருத்துவர் சொன்ன ஆபத்தான நாட்கள் வந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு காலையில் மூக்கிலிருந்து ரத்தம் வரத் தொடங்கி நிற்கவில்லை. அவளுடையது பி நெகட்டிவ். ரத்த வங்கியில் அன்று அந்த வகை இல்லை. வருவதாகச் சொன்ன ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவர் தொலைபேசியை எடுக்கவில்லை. எனக்கோ வயது கடந்துவிட்டது, வகையும் பாசிட்டிவ்.

நான் மேசை மேசையாகப் போனேன். எல்லா மேசையிலும் மரியாதையாகப் பேசினார்கள். எங்கும் ரத்தம் இல்லை. இனி எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொருள் இல்லை, பார்வை இல்லை. "முடியல ஆண்டவரே," என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

இன்பராஜ் தேநீர்க் குவளையோடு வந்தார்.

"புள்ளைக்கு என்ன வகை மாமா?"

"பி நெகட்டிவ்."

"அக்காவுக்கு?"

"அதேதான்."

"அப்ப என்னையும் பாத்துடச் சொல்லுங்களேன்."

பார்த்தார்கள். பி நெகட்டிவ். மற்ற சோதனைகளும் சரியாக இருந்தன. அவரைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து இயந்திரத்தோடு இணைத்தார்கள். ரத்தம் ஒரு குழாயில் போய், தட்டணுக்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தது. காயில் கட்டுகிறவர் கண்ணெடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் உதடு மரமரக்கிறது என்றார். செவிலியர், அது சகஜம் என்று ஒரு கால்சியம் மாத்திரையை நீட்டினார்.

மச்சான் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது மருந்தா மாமா?"

என் வாயில் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் விடவில்லை. "சுண்ணாம்புச் சத்து," என்றேன்.

"வெத்தலையில தடவறதுதானே," என்று வாயில் போட்டுக் கடித்தார்.

மாலைக்குள் வைக்கோல் நிறத்தில் ஒரு பை எஸ்தரின் தலைமாட்டில் தொங்கியது. ரத்தம் நின்றது. அடுத்து வந்த நாட்களில் அவளுடைய சொந்த அணுக்கள் ஒவ்வொன்றாக வேலைக்கு வந்து சேர்ந்தன.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஆனால் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, யாரோ ஒருவர் காதில் ஒரு சொல் தவறாக விழுந்து, அதற்கான ஆள் சிதம்பரத்திலிருந்து புறப்பட்டுவிட்டார். விண்ணப்பம் வந்து சேரும் முன்பே உத்தரவு கிளம்பிய கோப்பு ஒன்றை என் பணிக்காலம் முழுதும் நான் கண்டதில்லை.

அந்த டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தெருமுனையில் தண்ணீர் லாரி. கைத்தடி இல்லாமல் எஸ்தர் இடுப்பில் குடத்தோடு நடந்து வந்தாள். வலது கால் லேசாக இழுக்கும். அது போகாது என்று மருத்துவர் முன்பே சொன்னதுதான். விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து வந்த இன்பராஜ் வாசலில் நின்று அதைப் பார்த்தார். குடத்தை வாங்கப் போனார். "நானே கொண்டாறேன் மாமா, வழிய விடுங்க," என்றாள்.

இது 2012. சிகிச்சைக்குப் பிறகு நோய் இதுவரை திரும்பவில்லை. இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் ஏற்றதல்ல. உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். மருந்தை விட்டுவிட்டு ஜெபியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மச்சான் இன்றும் மாத்திரை விழுங்குவதில்லை, நானும் அவரோடு வாதாடுவதில்லை. ஆனால் பி நெகட்டிவ் வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் கடையைச் சாத்திவிட்டுப் போகிறார். கேட்டால், "சொந்தத்துக்குத்தானே," என்கிறார்.

பதில் வராமல் ஓய்ந்துபோன ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவருக்காகத்தான் எழுதினேன். இன்னொரு முறை கேளுங்கள். வரைவு சரியாக இருக்க வேண்டியதில்லை. சபைக்கு வரும் ஜெபக் குறிப்புகளை நான் இப்போது திருத்துவதில்லை. பிழையோடு போகட்டும், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

நேற்று எஸ்தர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மை என்ன நிறம் என்று கேட்டேன்.

"சிவப்புதாம்ப்பா," என்றாள். "பாதி கிளாஸ் ஃபெயில்."

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.