பன்னிரண்டு நாள் மீதி

அந்தத் தணிக்கை அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பென்சில். எதையும் முதலில் பென்சிலால் எழுதி, மூன்று முறை கூட்டிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் தொடுவாள். லாரி ஓட்டிய அப்பா வைத்த பெயர் வேறு: ஆடிட்டரம்மா. பரீட்சைக்கு முன்பே பட்டம் கொடுத்துவிட்டார்.

மூன்றாண்டுப் பயிற்சி முடிந்து ஆடிட்டர் கையெழுத்துப் போட்டால்தான் இறுதித் தேர்வு. அனுமதித்த விடுப்புக்கு மேல் ஒரு நாள் போனாலும் பயிற்சி நீளும்; தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போகும். அதனால் பயிற்சிக்கு வந்தவர்கள் விடுப்பைக் கஞ்சன் காசு போல முடிந்து வைப்பார்கள், கடைசியில் உட்கார்ந்து படிக்க. காய்ச்சலோடு வந்து ரசீதுகளில் டிக் அடிப்பார்கள். இன்னொரு வழக்கமும் இருந்தது. மீதி எத்தனை நாள் என்று ஹெட் கிளார்க்கிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "என்ன, மூட்டை கட்டியாச்சா?" என்பார். மாலைக்குள் அது ஆடிட்டர் காதுக்குப் போய்விடும். விடுப்புப் பதிவேடு ஹெட் கிளார்க்கின் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது.

ஆகவே பென்சில் தன் டைரியில் தானே கணக்கு வைத்தாள். சந்தேகமான நாளையெல்லாம் எடுத்த விடுப்பாகவே எழுதினாள். விடுப்புக்கு நடுவில் வந்த ஞாயிறு, மழைநீர் புகுந்து அலுவலகம் திறக்காத நாள், எல்லாம் கழிவுதான். வரக்கூடிய நஷ்டத்தை இன்றே எழுது, கைக்கு வராத லாபத்தை எழுதாதே என்பது முதல் வருடப் பாடம்.

மூன்றாம் வருடக் கடைசியில் அப்பா படுத்துவிட்டார். ஈரல். ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் ஆறு மணி நேரம். டைரியில், படிப்புக்கு ஒதுக்கிய முப்பது போக மிச்சம் இரண்டு நாள் இருந்தது. போனாள்.

"எத்தனை நாள் லீவு?" என்றார் அப்பா.

"ரெண்டு நாள்ப்பா."

"போதும் போதும். லோடு ஏத்தின வண்டிய நடுவழியில நிறுத்தக் கூடாது. பரீட்சைய முடிச்சிட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

வாய்தான் அப்படிச் சொன்னது. கை அவளுடைய பையின் வாரைப் பிடித்திருந்தது. பேருந்துக்கு நேரமாகிவிட்டதால், அந்த விரல்களை அவளே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அண்ணி கூப்பிட்டாள். "மாமா உன்னயேதான் கேக்கறாரு. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"லீவே இல்ல அண்ணி. சனிக்கிழமை ராத்திரி கிளம்பி வரேன்."

"உன் கணக்கு உனக்கு," என்று அண்ணி போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு சிமென்ட் கம்பெனியின் ரசீதுகளில் டிக் அடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஆடிட்டரே எழுந்து வந்து மூன்று நாள் போய்வரச் சொன்னார். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். நல்ல மனிதர் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

ஒதுக்கி வைத்த முப்பது நாளும் படித்தாள். பயிற்சி முடிவுப் படிவத்தை நிரப்ப ஹெட் கிளார்க் பதிவேட்டை எடுத்து, ஸ்கேலை வைத்து வரிவரியாகக் கூட்டினார்.

"ஏம்மா பென்சில், இன்னும் பன்னெண்டு நாள் கெடக்கே. ஞாயித்துக்கெழமை, ஆபீஸ் மூடின நாள் எதையும் நான் எழுதறதில்லையே. வீணாக்கிட்டியேம்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு முறை தானும் கூட்டிப் பார்த்தாள். பன்னிரண்டுதான். அவர் காட்டிய இடத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டாள்.

முதல் தடவையிலேயே தேறினாள். முடிவு வந்த அன்று அண்ணி கூப்பிட்டு, "கடைசில ஆடிட்டரம்மா ஆயிட்ட," என்றாள். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்ததாகவே எழுதிக்கொண்டாள்.